நேம்சர்வர் மாற்றுவது எப்படி: பட்டனை அழுத்துவதற்கு முன்னால் இருக்கும் வேலைகள்

புது ஹோஸ்டிங் வாங்கியாயிற்று. அவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது, "உங்கள் டொமைனுக்கு இந்த இரண்டு நேம்சர்வர்களைப் போட்டுவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் எல்லாம் "முதலில் உங்கள் டொமைன் கணக்கில் லாகின் செய்யுங்கள்" என்று தொடங்குகின்றன. புதிதாக வருபவர்கள் பலர் மாட்டிக்கொள்வது அந்த முதல் வரியிலேயேதான். எந்தக் கணக்கு? யார் பெயரில் இருக்கிறது? ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது? தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது இரண்டு பெட்டிகளில் இரண்டு பெயர்களைத் தட்டிச் சேமிக்கிற வேலை. ஆனால் அந்தப் பெட்டிகள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால், இந்த டொமைன் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வாரக்கணக்கில் இழுப்பது அந்தப் பகுதிதான், அதனால் இந்தக் கட்டுரையிலும் அதற்குத்தான் அதிக இடம்.

நடுவில் யார் யார் இருக்கிறார்கள்

டொமைனுக்குச் சொந்தக்காரர் நீங்கள். அதை உங்களுக்குப் பதிவு செய்து கொடுத்தவர் ரெஜிஸ்ட்ரார். டாட் காம், டாட் இன் என்று முடியும் எல்லாப் பெயர்களின் மூலப் பட்டியலையும் வைத்திருப்பது ரெஜிஸ்ட்ரி. டாட் காமுக்கு அது வெரிசைன், டாட் இன்னுக்கு நிக்ஸி. உங்கள் டொமைனின் ஏ ரெக்கார்டு (தளம் எந்த சர்வரில் என்ற குறிப்பு), எம்எக்ஸ் ரெக்கார்டு (மெயில் எங்கே போக வேண்டும் என்ற குறிப்பு) எல்லாம் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறதோ அது டிஎன்எஸ் ஹோஸ்ட், அதன் விலாசம்தான் நேம்சர்வர். சிலருக்கு இந்த நான்கு பேர் போக நடுவில் ஐந்தாவதாக ஒரு ரீசெல்லரும் இருப்பார், அதாவது பெரிய ரெஜிஸ்ட்ராரிடம் கணக்கு வைத்துக்கொண்டு உங்களைப் போன்றவர்களுக்கு விற்பவர். வெப்சைட் செய்து கொடுத்தவரே டொமைனும் வாங்கிக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் கதை இதுதான்.

நேம்சர்வர் மாற்றம் ரெஜிஸ்ட்ரார் வழியாகத்தான் ரெஜிஸ்ட்ரிக்குப் போக முடியும். நீங்கள் நேராக வெரிசைனுக்கோ நிக்ஸிக்கோ எழுதினாலும் அவர்கள் உங்களை ரெஜிஸ்ட்ராரிடமே திருப்பி அனுப்புவார்கள். புது ஹோஸ்டிங்காரராலும் இதைச் செய்ய முடியாது, அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

முதல் வேலை: ஒரு தேடல்

டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் லுக்கப் பக்கத்துக்குப் போய் உங்கள் டொமைன் பெயரைப் போட்டுப் பாருங்கள். டொமைன் விவரம் பார்க்கும் இந்தத் தேடலை முன்பு ஹூஇஸ் என்று சொன்னார்களே, அந்த வேலையை டாட் காம் போன்ற பொதுவான பெயர்களுக்கு 2025 ஜனவரி 28 முதல் ஆர்டாப் என்ற முறை அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டது. பார்ப்பவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. டாட் இன் பெயருக்கு நிக்ஸியின் ரெஜிஸ்ட்ரி தளத்தில் பாருங்கள்.

வருகிற பக்கத்தில் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரெஜிஸ்ட்ரார் யார், காலாவதித் தேதி என்ன, ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் என்னென்ன எழுதியிருக்கிறது, இப்போதைய நேம்சர்வர்கள் எவை, டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில்கள் போலியல்ல என்று உறுதிப்படுத்தும் முறை) கையொப்பம் உண்டா இல்லையா. இந்தப் பக்கத்தை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள். பின்னால் ஏதாவது தகராறு வந்தால் "மாற்றுவதற்கு முன்னால் இப்படி இருந்தது" என்று காட்ட உங்களிடம் வேறு எதுவும் இருக்காது.

சொந்தக்காரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மறைக்கப்பட்டது என்று இருந்தால் பயப்பட வேண்டாம், இப்போது அது சாதாரணம். அது உங்கள் பெயரில் இல்லை என்று அர்த்தமல்ல, இருக்கிறது என்றும் அர்த்தமல்ல. உள்ளே என்ன பதிவாகியிருக்கிறது என்பது ரெஜிஸ்ட்ராருக்குத்தான் தெரியும்.

கணக்கு யார் கையில்?

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

கணக்கு உங்களுடையது, பாஸ்வேர்டும் இருக்கிறது, பதிவான மின்னஞ்சலும் போனும் உங்கள் கையில் என்றால் நல்லது, நேராகப் பூட்டுகள் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

கணக்கு உங்களுடையதுதான், ஆனால் மின்னஞ்சல் செத்துப்போனது என்பது அடுத்த நிலை. வேலையை விட்டுப் போன ஊழியரின் முகவரி, மூடப்பட்ட பழைய சேவை, அல்லது அதே டொமைனின் முகவரி. கடைசியாகச் சொன்னது ரொம்ப மோசம்: டொமைன் வேலை செய்யாவிட்டால் மெயில் வராது, மெயில் வராவிட்டால் டொமைனைச் சரிசெய்ய முடியாது. இப்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் இன்றைக்கே கணக்கின் மின்னஞ்சலை அந்த டொமைனைச் சாராத ஒரு முகவரிக்கு மாற்றிவிடுங்கள். இதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம், அத்தனை பேர் இதில் மாட்டுகிறார்கள்.

லாகின் செய்யவே முடியாவிட்டால் சப்போர்ட்டுக்கு எழுதி ஆவணங்கள் கொடுக்க வேண்டும். நிறுவனம், பள்ளி, சங்கம், அறக்கட்டளை என்றால் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் தயார் செய்யுங்கள். டொமைன் பெயர், இப்போது பதிவாகியிருக்கும் மின்னஞ்சல் எது, அது ஏன் பயன்படவில்லை, அதற்குப் பதில் எந்த முகவரி வேண்டும், இந்த மாற்றத்தைக் கேட்க யாருக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது, இவ்வளவும் இருக்க வேண்டும். பொறுப்பில் இருப்பவர் கையெழுத்து, முத்திரை, தேதி. கூடவே பதிவுச் சான்றிதழ் அல்லது ஜிஎஸ்டி சான்றிதழ், கையெழுத்துப் போட்டவரின் அடையாள அட்டை, டொமைனுக்குப் பணம் கட்டிய ரசீது. ஆதார் கொடுப்பதாக இருந்தால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக் கொடுங்கள், முழு எண் அவர்களுக்குத் தேவையில்லை.

திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் பெயர் ஒத்துப்போகாததுதான் அடிக்கடி வரும் காரணம். டொமைன் பதிவில் நிறுவனம் என்ற பெட்டியில் ஏதாவது எழுதியிருந்தால் அந்த நிறுவனம்தான் சொந்தக்காரர், பக்கத்தில் ஆள் பெயர் என்னவாக இருந்தாலும் சரி. டொமைன் வாங்கியபோது 'அண்டு கோ' என்று எழுதியிருப்பார்கள், இன்றைய சான்றிதழில் 'பிரைவேட் லிமிடெட்' என்று இருக்கும். நமக்கு அது ஒன்றுதான், சரிபார்க்கும் ஊழியருக்கு அது வேறு நிறுவனம். பெயர் மாறியதற்கான சான்றையும் முதல் தடவையே இணைத்துவிட்டால் ஒரு சுற்று மிச்சம்.

இன்னொன்று, ஒவ்வொரு முறையும் புது டிக்கெட் போடாதீர்கள். பழைய டிக்கெட்டுக்கே பதில் எழுதுங்கள். புதிது போட்டால் வேறொருவர் முதலிலிருந்து படிப்பார், ஏற்கெனவே கொடுத்த ஆவணத்தையே மறுபடி கேட்பார். மறுப்பு வந்தால் "எந்த ஆவணம், எந்தக் காரணத்தால் ஏற்கப்படவில்லை என்று எழுதுங்கள்" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள்.

மூன்றாவது நிலைதான் கஷ்டமானது: டொமைன் வெப்சைட் செய்தவரின் கணக்கில், அவர் பெயரிலேயே இருக்கிறது. நிலத்துக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் அலுவலகம் பேசும், இங்கேயும் அதேதான். பத்து வருடமாகப் பணம் கட்டியது நீங்களாக இருக்கலாம், ஆனால் ரெஜிஸ்ட்ராரின் கண்ணில் சொந்தக்காரர் அவர். எனவே கோபப்படாமல் முதலில் அவரிடமே பேசுங்கள். இரண்டு வேண்டுகோள்களைத் தனித்தனியாக வையுங்கள்: இப்போதைக்கு நேம்சர்வரை மட்டும் மாற்றிக்கொடுங்கள், பிறகு டொமைனை என் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஒரே ரெஜிஸ்ட்ராருக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தள்ளிவிடுவது பெரும்பாலான இடங்களில் சுலபம். அவர் ஒத்துக்கொண்டால் அதை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அவர் ஆளே இல்லை, போன் எடுப்பதில்லை, கடையை மூடிவிட்டார் என்றால், லுக்கப்பில் குறித்துவைத்த ரெஜிஸ்ட்ராரிடம் நேராகப் போங்கள். ரீசெல்லர் காணாமல் போனாலும் ரெஜிஸ்ட்ராரின் பொறுப்பு போகாது. பதிவு உங்கள் பெயரில் இருந்து கணக்கு மட்டும் ரீசெல்லரிடம் இருந்தால் உங்கள் நிலை வலுவானது. நீங்கள் கேட்டால் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு டிரான்ஸ்ஃபர் செய்யத் தேவையான ரகசியக் குறியீட்டை, அதாவது ஆத் கோடை, ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது ஐகான் விதி. வெப்சைட் வேலைக்குப் பாக்கி இருக்கிறது என்பது டிரான்ஸ்ஃபரை மறுக்க அந்த விதிகளில் உள்ள காரணம் அல்ல. மீறினால் ஐகானிடம் புகார் கொடுக்கலாம். ஆனால் இதெல்லாம் டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்றவற்றுக்கு. டாட் இன் போன்ற நாட்டுப் பெயர்களில் ஐகான் தலையிடாது, அந்தந்த நாட்டு ரெஜிஸ்ட்ரியின் விதிதான். கல்லூரிகளின் டாட் ஏசி டாட் இன் பெயர்கள் எர்நெட் இந்தியாவிடம் மட்டுமே பதிவாகின்றன, அதனால் வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போய்விடலாம் என்ற வழியே அங்கே இல்லை. அலுவலகக் கடிதம்தான் ஒரே பாதை.

இவ்வளவு கெடுபிடி ஏன்?

எரிச்சல் வரும், எனக்கும் வரும். ஆனாலும் இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 1995-இல் கேரி கிரெமன் என்பவரின் மதிப்புமிக்க டாட் காம் பெயர் ஒன்றை, ஸ்டீபன் கோஹன் என்பவர் ஒரு போலிக் கடிதத்தைக் காட்டித் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பதிவு செய்யும் நிறுவனம் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை. வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. டொமைன் பெயரும் ஒரு சொத்துதான் என்று 2003-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான்.

2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் தளம் மணிக்கணக்கில் முடங்கியதும் நேம்சர்வர் மாற்றத்தால்தான். சிரியன் எலக்ட்ரானிக் ஆர்மி என்ற குழு, ரெஜிஸ்ட்ராரின் ரீசெல்லர் ஒருவருடைய லாகினைப் பிடித்து உள்ளே போய் நேம்சர்வரையே மாற்றிவிட்டது. நியூயார்க் டைம்ஸின் சர்வரை யாரும் தொடவில்லை, தொடத் தேவையும் இருக்கவில்லை. நேம்சர்வர் கையில் வந்தால் தளம், மெயில், பாஸ்வேர்டு ரீசெட் எல்லாம் கையில் வந்துவிடும். உங்களிடம் கேட்கிற கடிதமும் அடையாள அட்டையும் அதைத் தடுக்கத்தான்.

நாடுகளுக்கும் இதே வரிசைதான். டாட் இன்னின் நேம்சர்வர்களையே மாற்ற வேண்டுமானால் இணையத்தின் தலைமைப் பட்டியலைப் பராமரிக்கும் ஐயானாவிடம் விண்ணப்பிக்க வேண்டும், பொறுப்பாளர்கள் உறுதி சொல்ல வேண்டும், புது சர்வர்கள் சரியாகப் பதில் சொல்கின்றனவா என்று சோதிப்பார்கள். 2016 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முன்பு வரை இப்படிப்பட்ட ஒவ்வொரு மாற்றத்துக்கும் அமெரிக்க வணிகத் துறையின் ஒப்புதலும் வேண்டியிருந்தது.

பூட்டுகளைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

லுக்கப்பில் ஸ்டேட்டஸ் என்று பார்த்தோமே, அதில் 'கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் ப்ரொஹிபிட்டட்' என்று இருந்தால் கவலை வேண்டாம். அது வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போவதை மட்டும் தடுக்கும், நேம்சர்வரைத் தடுக்காது. இதைப் பார்த்துவிட்டுத் தேவையில்லாமல் பூட்டைத் திறந்து, திறந்தபடியே விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

'கிளையன்ட் அப்டேட் ப்ரொஹிபிட்டட்' என்பதுதான் உங்களைத் தடுப்பது. ரெஜிஸ்ட்ரார் போட்ட பூட்டு என்பதால் கன்ட்ரோல் பேனலில் டொமைன் லாக் என்ற இடத்தில் பெரும்பாலும் நீங்களே திறக்கலாம். அதே வார்த்தை 'சர்வர்' என்று தொடங்கினால் பூட்டு ரெஜிஸ்ட்ரியினுடையது. காசு கட்டி வாங்கிய ரெஜிஸ்ட்ரி லாக்காக இருக்கலாம், வழக்கு ஏதாவது இருக்கலாம். முதலாவது என்றால் ஏற்கெனவே பதிவுசெய்த ஆள் உறுதி சொன்ன பிறகே திறப்பார்கள், அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

'ஹோல்ட்' என்று முடியும் ஸ்டேட்டஸ் இருந்தால் டொமைன் இப்போது இணையத்திலேயே இல்லை, நேம்சர்வரை மாற்றியும் பயனில்லை. இதற்கு ரொம்பச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு: டொமைன் வாங்கியபோதோ மின்னஞ்சலை மாற்றியபோதோ "இந்த முகவரியை உறுதிசெய்யுங்கள்" என்று ஒரு மெயில் வந்திருக்கும், ஸ்பாம் என்று நினைத்து விட்டிருப்பீர்கள். 15 நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் டொமைனை நிறுத்திவைக்கலாம் என்பது விதி. அந்த மெயிலைத் தேடிப்பிடித்து லிங்கை அழுத்தினாலே சரியாகிவிடும். காலாவதியாகி ரிடெம்ப்ஷன் நிலைக்குப் போயிருந்தால் முதலில் பணம் கட்டி மீட்க வேண்டும். அந்த அவகாசம் டாட் காமுக்கு 30 நாள், கட்டணமும் வழக்கமானதைவிடப் பல மடங்கு.

ஒரு வரிசை முக்கியம். சொந்தக்காரர் பெயரையோ மின்னஞ்சலையோ மாற்றினால் பல ரெஜிஸ்ட்ரார்கள் 60 நாளுக்கு டிரான்ஸ்ஃபரை அடைத்துவிடுவார்கள். எனவே ரெஜிஸ்ட்ராரையும் மாற்றும் எண்ணம் இருந்தால், விவரங்களைத் திருத்துவதற்கு முன்பே இந்தப் பூட்டு வேண்டாம் என்று தேர்வு செய்ய வழி இருக்கிறதா என்று பாருங்கள். நேம்சர்வரைப் பொறுத்தவரை இந்த 60 நாள் ஒரு தடையே அல்ல, மாற்றிக்கொள்ளலாம்.

அழுத்துவதற்கு முன்னால்

பழைய டிஎன்எஸ் ஹோஸ்டில் இருக்கும் ஒவ்வொரு ரெக்கார்டையும் புது இடத்தில் எழுதுங்கள். நேம்சர்வர் மாறிய பிறகு பழைய இடத்தில் இருந்தது எதுவும் தானாக வராது. தளம் திறக்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், இரண்டு நாள் கழித்துத்தான் மெயில் வரவில்லை என்று தெரியும். எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம் (இந்த இரண்டும் உங்கள் பெயரில் போகும் மெயில் உண்மையானது என்று காட்டுபவை), சரிபார்ப்புக்காகப் போட்ட டெக்ஸ்ட் ரெக்கார்டுகள், யாரோ எப்போதோ உருவாக்கிய சப்டொமைன்கள், எல்லாம் வேண்டும். ஒரு டொமைனின் ரெக்கார்டுகள் எல்லாம் சேர்ந்த தொகுப்புக்கு ஸோன் என்று பெயர், 'ஸோன் எக்ஸ்போர்ட்' வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பக்கத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதுங்கள். டிகிம் சாவி நீளமானது, நகலெடுக்கும்போது நடுவில் ஒரு இடைவெளி புகுந்துவிடும், இரண்டு முறை பாருங்கள்.

டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழிலேயே டொமைன் வைத்திருப்பவர்கள் புது இடத்தில் தமிழ் எழுத்தில் தட்டினால் பல பேனல்கள் ஏற்காது. அதே பெயரை ஆங்கில எழுத்தில் காட்டும், 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ப்யூனிகோடு வடிவத்தைக் கொடுங்கள்.

லுக்கப்பில் டிஎன்எஸ்செக் கையொப்பம் உண்டு என்று இருந்ததா? அப்படியானால் அந்தக் கையொப்பத்தை ரெஜிஸ்ட்ரியோடு இணைக்கும், ரெஜிஸ்ட்ராரிடம் உள்ள டிஎஸ் ரெக்கார்டை முதலில் நீக்குங்கள். டாட் காமில் அதன் நினைவு மற்ற சர்வர்களில் ஒரு நாள் வரை தங்கும், அந்த ஒரு நாள் முழுக்கக் காத்திருங்கள், பழைய கையொப்பத்தை அதுவரை எடுக்காதீர்கள், பிறகு நேம்சர்வரை மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் சிலருக்குத் தளம் திறக்கும், கூகுள் டிஎன்எஸ் போன்றவற்றைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் திறக்காது, உங்கள் வீட்டில் திறப்பதால் நீங்களும் நம்ப மாட்டீர்கள். 2021 செப்டம்பரில் அலுவலக உரையாடல் சேவை நடத்தும் ஸ்லாக் நிறுவனமே இந்த டிஎஸ் வரிசையில் சறுக்கியது, சிலருக்குச் சேவை ஒரு நாள் அளவுக்குக் கிடைக்கவில்லை.

ஜெர்மனியின் டாட் டிஇ போன்ற சில நாட்டுப் பெயர்களில், புது நேம்சர்வர் உங்கள் டொமைனுக்கு ஏற்கெனவே சரியாகப் பதில் சொல்கிறதா என்று ரெஜிஸ்ட்ரி சோதித்துவிட்டுத்தான் மாற்றத்தை ஏற்கும். டாட் காமில் அந்தச் சோதனை இல்லை, உங்கள் டொமைனுக்குப் பதில் சொல்லாத நேம்சர்வரைக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும். அதனால் சோதனையை நீங்களே செய்ய வேண்டும்: நேம்சர்வரிடம் கேள்வி கேட்கும் டிக் கட்டளை தெரிந்தவர்கள் புது நேம்சர்வரிடமே நேராகக் கேட்டுப் பாருங்கள், தெரியாதவர்கள் ஹோஸ்டிங்காரரிடம் "என் டொமைனுக்கு ஸோன் தயாரா" என்று எழுதிக் கேட்டு, ஆம் என்று பதில் வந்த பிறகு அடுத்த வேலைக்குப் போங்கள்.

இனி அழுத்தலாம்

டொமைனின் பக்கத்தில் நேம்சர்வர்ஸ் என்ற இடத்தில், ரெஜிஸ்ட்ராரின் சொந்த நேம்சர்வர் என்றும் கஸ்டம் என்றும் இரண்டு தேர்வுகள் இருக்கும். கஸ்டமைத் தேர்ந்தெடுத்து, குறைந்தது இரண்டு பெயர்களைக் கொடுங்கள். பெட்டியில் ஐபி எண்ணைப் போடாதீர்கள், பெயர்தான் வேண்டும். பழைய நேம்சர்வர் ஒன்றையும் புதியது ஒன்றையும் கலந்து போடவே கூடாது. பாதி ஆட்களுக்குப் பழைய பதிலும் பாதி ஆட்களுக்குப் புதிய பதிலும் போகும். மின்னஞ்சலிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிற இடைவெளியை அழித்துவிடுங்கள், 'தவறான ஹோஸ்ட்' என்ற பிழை வந்தால் முதல் சந்தேகம் அதுதான்.

நேம்சர்வரே உங்கள் டொமைன் பெயரிலேயே இருக்கிறது என்றால் இன்னொரு படி உண்டு. அந்தப் பெயரையும் ஐபி எண்ணையும் முதலில் ரெஜிஸ்ட்ரியில் ஹோஸ்ட்டாகப் பதிய வேண்டும். சில பேனல்களில் சைல்டு நேம்சர்வர் என்றும் சிலவற்றில் பிரைவேட் நேம்சர்வர் என்றும் இருக்கும், சில இடங்களில் பேனலில் இருக்காது, டிக்கெட் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

சேமித்தவுடன் உறுதிசெய்யும் மெயிலோ ஓடிபியோ வரலாம், அது முடிந்தால்தான் மாற்றம் போகும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து லுக்கப்பில் பாருங்கள், புதுப் பெயர்கள் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் மாற்றம் இன்னும் ரெஜிஸ்ட்ரிக்கே போகவில்லை, "48 மணி நேரம் பொறுங்கள்" என்ற பதிலை அப்போது ஏற்காதீர்கள். அந்த 48 மணி நேரம் ரெஜிஸ்ட்ரியில் மாறிய பிறகு தொடங்குவது: டாட் காம் ஸோனில் நேம்சர்வர் பட்டியலின் ஆயுள் 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள், அதுவரை உலகின் எங்கோ ஒரு சர்வர் பழையதையே நினைவில் வைத்திருக்கலாம்.

அந்த இரண்டு நாளும் பழைய ஹோஸ்டிங்கையும் பழைய டிஎன்எஸ் ரெக்கார்டுகளையும் தொடாதீர்கள், பழைய மெயில்பெட்டியையும் அவ்வப்போது பாருங்கள். நான் ஒரு வாரம் விடுவேன். அதே போல, ரெஜிஸ்ட்ராரிடம் நேம்சர்வர் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும்போது அந்த இடத்துக் கணக்கை மூடிவிடாதீர்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் அந்த இடத்தில் வேறு யாரோ உங்கள் டொமைனைச் சேர்த்துக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கலாம். 2024-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 'சிட்டிங் டக்ஸ்' என்று பெயரிட்டு எச்சரித்தது இதைத்தான்.

எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, திறந்த பூட்டை மறுபடி போடுங்கள், டிஎன்எஸ்செக் வைத்திருந்தவர்கள் புது ஹோஸ்ட் கொடுக்கும் டிஎஸ் ரெக்கார்டைச் சேருங்கள், கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். நிறுவனம் என்றால் ரெஜிஸ்ட்ரார் பெயர், கணக்கின் மின்னஞ்சல், காலாவதித் தேதி மூன்றையும் அலுவலகக் கோப்பில் எழுதி இரண்டு பேருக்குத் தெரியும்படி வையுங்கள். பிறகு பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்யலாம்.